கும்மிக்கு ஏறிவந்த மோட்டார்

மழை பொய்த்த இரண்டாவது வருடத்துப் பங்குனியில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிழக்கு வளவுப் பெண்கள் மாரியம்மன் நோம்பிக்காகப் பொதுத்திடலில் கும்மி பழகிக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல ஊரெல்லாம் கரண்ட் போய், வழக்கத்துக்கு மாறாகத் திடலின் ட்யூப்லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வேலம்பாறையில் கும்மியடிக்கிறவர்களின் காலில் கரண்ட் ஓடத் தொடங்கியது அன்றைக்குத்தான். பெண்கள் அதை உடனே கவனிக்கவில்லை. பாட்டு வேகமெடுத்திருந்த நேரம், அடி தப்பினால் பின்னால் வருகிறவளின் வசவைக் கேட்க வேண்டியிருக்கும். மூச்சு வாங்க நின்றார்கள், விளக்கு அணைந்தது. மறுபடி சுற்றினார்கள், விளக்கு எரிந்தது. தட்டுகிற கைகளுக்கு நடுவில் அடுப்புப் பொறிபோல நீலமாக ஏதோ தெறித்தது, சுடவில்லை. வட்டத்தின் நடுவே போட்டிருந்த இரும்பு ஸ்டூல், மேலே இருந்த தண்ணீர்ச் சொம்போடு, தரையை விட்டுக் கிளம்பி, பெண்களின் கை உயரத்துக்கு வந்து அப்படியே நின்றது.

எல்லோரும் பார்த்தார்கள். பாவாத்தாள்தான் முதலில் பேசினாள்.

"நின்றாதீங்கடி. சொம்பு உளுந்துரும்."

சொம்பு அவளுடையது. பாட்டை இழுத்து இழுத்துப் பாடி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஸ்டூலைத் தளும்பாமல் தரையில் இறக்கிவிட்டுத்தான் நின்றார்கள்.

பாவாத்தாளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் புருஷன் நல்லசாமியும் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டிப் பிழைத்தவர்கள். செம்புக் கம்பியை வட்டம் வட்டமாகச் சுற்றி இரும்புத் தகடுகளின் இடுக்கில் செருகி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, கரண்ட் கொடுத்தால் நடுவில் இருக்கும் உருளை தன்னால் உயிர் பெற்றுச் சுழலுவது அவளுக்கு அன்றாடம் பார்க்கிற சங்கதி. கரண்ட் வட்டமாகப் போனால் நடுவில் இருக்கிற இரும்புக்கு ஆசை வந்துவிடும், அவ்வளவுதான் என்பாள். கம்பியில் போனது இப்போது காலில் போகிறது. கம்பிக்கு வாய் இல்லை, நமக்கு இருக்கிறது, அதனால் பாட்டும் கூட வருகிறது.

ஊரும் சில வாரங்களிலேயே பழகிக்கொண்டது. கும்மிக்குக் கிளம்பும் முன் பெண்கள் தலையில் இருக்கும் ஹேர்பின்னையும் சேலையில் குத்திய ஊக்கையும் கழற்றி வைத்தார்கள். தங்கமும் வெள்ளியும் எதற்கும் அசையவில்லை என்று தெரிந்ததும் பெட்டியில் கிடந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக்கரண்டி கேட்டு வீடுவீடாக ஏறுவதை விட்டுவிட்டு, நாலு வீட்டுப் பெண்கள் கிணற்றைச் சுற்றி ஒரு பாட்டுக்கு அடித்தார்கள். வாளி வந்தது, மாமியார் காலத்தில் விழுந்து மருமகள்மேல் பழி விழுந்த வாளியும் கூடவே வந்தது. டவுன்பஸ் டிரைவர், சாயங்கால டிரிப்பில் திடலைத் தாண்டும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைக் கண்டு, அந்த இடம் வந்தால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடிக்கப் பழகினார். லாரியில் அடிபட்டுத் தொடையில் ராடு வைத்து, கட்டிலே கதியென்று கிடந்த சென்னியப்பன், பாட்டு தொடங்கியதும் கால் முன்னே இழுக்க உடம்பு பின்னே வரத் திடலுக்கு வந்து சேர்ந்து, கடைசிப் பாட்டு வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத் தன் சொந்தக் காலில் வீட்டுக்குத் திரும்பினார். டாக்டர் சொன்ன பயிற்சியைவிட இது தேவலை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். லைன்மேன் வந்து பார்த்தார். யாருக்காவது ஷாக் அடிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் தனக்குச் சோலி இல்லை என்று ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

காங்கேயத்துப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் ஜெயசீலி டீச்சர், திசைகாட்டி ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். வட்டத்தின் ஓரத்தில் அதை நீட்டிப் பிடித்தாள். முள் வடக்கை மறந்துவிட்டு வட்டத்தின் போக்குக்குத் திரும்பியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திசைகாட்டியைப் பைக்குள் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தனக்கும் ஒரு இடம் விடும்படி கேட்டாள். கை தட்ட வேண்டிய இடத்தில் காலும், கால் வைக்க வேண்டிய இடத்தில் கையும் வந்ததென்றாலும் யாரும் அவளை விலக்கவில்லை. ஆட்டம் முடிந்து இளநீர் குடிக்கும்போது அவள்தான் பாவாத்தாளிடம் அதைச் சொன்னாள்.

"இரும்புக்குள்ளயும் இதேதான் நடக்குதுங்க அக்கா. ஒவ்வொரு பொடித் துணுக்குலயும் ஒரு சின்ன வட்டம் சுத்திட்டே இருக்கு. ஆனா ஒண்ணு இந்தப் பக்கம் பாத்து நிக்கும், ஒண்ணு அந்தப் பக்கம் பாத்து நிக்கும். அதனால வெளிய ஒண்ணுமே தெரியறதில்ல. எல்லாம் ஒரே பக்கம் திரும்பினா, அதுதான் காந்தம்."

"எங்கூரு மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் பாவாத்தாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வேலம்பாறையில் இருப்பது இரண்டே வளவுகள், இரண்டு வீட்டுக் கூட்டங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் திடலில், இரண்டு வளவும் சேர்ந்து போட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வாயில் வைக்கும்படியான தண்ணீர் வந்தது அதில் மட்டும்தான். அதன் மோட்டாரைச் சரிபார்க்க மேலே தூக்கியபோது, குழாய்களையெல்லாம் கழற்றி எடுத்துவிட்டு, கடைசிக் குழாயும் மோட்டாரும் மிச்சம் இருந்த நிலையில், மெதுவாக இழு என்று கிழக்கு வளவும் வேகமாக இழு என்று மேற்கு வளவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் கிளாம்ப் நழுவியது. மோட்டார், குழாயோடு எண்ணூறு அடிக்குப் போய்விட்டது. கொக்கி போட்டுத் தூக்குகிறவர்கள் வந்து கொக்கிகளைப் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். புதிதாகத் துளைபோட வந்த லாரி, காட்டைத் துளைத்த இடத்திலெல்லாம் வெள்ளையாகப் புழுதியைத்தான் கக்கியது. ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பத் தொடங்கியது. ஓடாத மோட்டாருக்குக் காயில் கட்ட யார் வருவார்கள்? நல்லசாமிக்கு ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பேசியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை காலைப் பஸ்ஸுக்குப் போக, இரும்பு டிரங்குப் பெட்டியில் துணிமணி அடுக்கி, புதுப் பூட்டும் வாங்கிப் போட்டுவிட்டார். பாவாத்தாள் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் காலில் இடித்துக்கொண்டாள், நகர்த்தி வைக்கச் சொல்லவில்லை.

வாளி வருமென்றால் மோட்டார் வராதா என்று முதலில் கேட்டவளும் அவள்தான். கிழக்கு வளவுப் பெண்கள் ஆழ்துளைக் கிணற்றின் போர்க் குழாயைச் சுற்றி நின்று அடித்துப் பார்த்தார்கள். பூமிக்குள் எங்கோ கடகடவென்று சத்தம் கேட்டது, ஏதோ கொஞ்சதூரம் ஏறியது, பிறகு களைத்து இறங்கியது. பாட்டுக்குப் பாட்டு ஏறி இறங்கியதே தவிர மேலே வரவில்லை. ஆள் போதாது. இன்னொரு வளவும் வேண்டும்.

இன்னொரு வளவின் கும்மிக்குத் தலைப்பாட்டுக்காரி தங்கமணி, நல்லசாமியின் கூடப்பிறந்த தங்கை. அண்ணன் மனைவி பாவாத்தாள் அவளுக்கு நங்கையாள். கிழக்கு வளவுக்குக் கும்மி பழக்கிய ஆசிரியர் இடக்கைக்காரர், அதனால் இந்த வளவு என்றைக்கும் இடமாகச் சுற்றும். மேற்கு வளவு எல்லோரையும்போல வலமாகச் சுற்றும். ஒரு கல்யாணப் பந்தியில், தங்கமணி நாலு பேர் சிரிக்கட்டும் என்று, எங்கள் நங்கையாள் வீட்டுக் கும்மி எழவு வீட்டுச் சுற்று, சிதையைத்தான் இடமாகச் சுற்றுவார்கள் என்று சொல்லிவிட்டாள். அவள் தகப்பனார் இறந்து அப்போது வருடம்கூடத் திரும்பியிருக்கவில்லை. அந்த மனிதருக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியது மருமகள் பாவாத்தாள். அவள் சாப்பிட்ட இலையை மடக்கிவிட்டு எழுந்தாள். அதிலிருந்து பேச்சு இல்லை. நாலு கூப்பிடு தூரத்தில் இருக்கும் தங்கைக்கு அண்ணன் வீட்டுப் பொங்கல் சீர் பஸ் கண்டக்டர் கையில் போய்க்கொண்டிருந்தது. பாவாத்தாளைப் பார்த்துக் கிழக்கு வளவு முழுவதும் முன்னைவிட அழுத்தமாக இடப்பக்கம் சுற்ற ஆரம்பித்தது.

நல்லசாமி தங்கை வீட்டுக்குப் போனார். என்ன கேட்டார் என்று யாருக்கும் தெரியாது, அதிகம் பேசுகிற ஆள் இல்லை. திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறார்களாம், ஆனால் அவர்கள் காலுக்கு ஒரு பக்கம்தான் தெரியுமாம் என்று மட்டும் சொன்னார்.

வந்தார்கள். கிழக்கு வளவு போர்க் குழாயைச் சுற்றி உள்வட்டமாக நின்றது. மேற்கு வளவு அதைச் சுற்றி வெளிவட்டமாக நின்றது. ஜெயசீலி டீச்சரும் லீவு நாளில் பஸ் ஏறி வந்து உள்வட்டத்தில் நின்றாள். ஆண்கள் புதுக் கிளாம்பும் கயிறுமாக ஓரத்தில் காத்திருந்தார்கள், அதிலும் வளவுக்கொரு கிளாம்ப். பாட்டு தொடங்கியது. உள்ளே இடமாகவும் வெளியே வலமாகவும், புழுதி கிளம்பக் கிளம்ப, போட்டிக்குப் போட்டி அடித்தார்கள். இத்தனை பேர் இதற்கு முன் அந்தத் திடலில் சேர்ந்து ஆடியதில்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை. ஸ்டூல் செத்ததுபோலக் கிடந்தது. தரையில் கிடந்த ஊக்குகூடப் புரளவில்லை. ஒற்றை வளவுக்கே கடகடத்த குழாய் இப்போது மூச்சே விடவில்லை.

பாவாத்தாளுக்கு அந்த அமைதி தெரிந்த அமைதி. ஒரு காயிலை இடமும் ஒரு காயிலை வலமுமாகச் சுற்றி வைத்துவிட்டால், மோட்டார் கரண்டைக் குடித்துக்கொண்டு உறுமும், சுற்றாது. ஒன்று கொடுத்ததை மற்றொன்று வாங்கிவிடும். தெரிந்தாலும் அவள் கால் இடமாகவே போனது. வலமாகத் திரும்பினால் அந்தப் பந்தியில் சொன்ன வார்த்தை சரி என்று ஆகிவிடும். அவள் அதை நினைத்தாள். கஞ்சி ஊட்டிய கையை நினைத்தாள். அடுப்படி வாசலில் கிடக்கும் பெட்டியை நினைத்தாள். திருப்பூரில் ஏதோ ஒரு கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே, யாருடைய பாட்டும் கேட்காமல், புருஷனுக்குச் சோறு கட்டிக்கொடுத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். அடுத்த பாட்டின் முதல் அடியில் கண்ணை மூடிக்கொண்டு வலமாகத் திரும்பினாள்.

பின்னால் வந்தவள் அவள்மேல் மோதினாள். "என்னக்கா, காலு தப்புது," என்றாள். பாவாத்தாள் வலமாகவே நடந்தாள். ஒருத்தி முனகிக்கொண்டே திரும்பினாள், அவளைப் பார்த்து அடுத்தவள், பிறகு வட்டம் முழுவதும். பாவாத்தாள் கண்ணைத் திறந்து தலை நிமிர்ந்தாள். எதிரே, வெளிவட்டத்தில், முகம் சிவக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு, தங்கமணி தன் வளவு மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு இடமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் ஒரே பாட்டில் விட்டுக்கொடுத்திருந்தார்கள். வட்டங்கள் மறுபடியும் எதிரும் புதிருமாகப் போயின. குழாய் மறுபடியும் மூச்சுவிடவில்லை.

பாட்டு தானாக நின்றது. சென்னியப்பன்தான் ஓரத்திலிருந்து அலுத்துக்கொண்டார்.

"வீம்பு புடிச்சாலும் ஒட்டுக்காப் புடிக்கிறீங்க, உட்டுக்குடுத்தாலும் ஒட்டுக்கா உட்டுக்குடுக்கிறீங்க. எம்பட காலு எந்தப்பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுட்டிருக்குது பாருங்க."

முதலில் டீச்சர் சிரித்தாள். பிறகு உள்வட்டம் சிரித்தது, வெளிவட்டம் சிரித்தது. தங்கமணி சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பாவாத்தாள் வட்டத்தை விட்டு நகராமல் அவளைப் பார்த்துச் சொன்னாள்.

"எந்தப் பக்கமா இருந்தா மோட்டாருக்கு என்ன? ஒரே பக்கமா இருக்கோணும். நீயே சொல்லு, அம்மிணி."

தங்கமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உங்க பக்கமே சுத்தலாமுங்க, நங்கையா. அன்னைக்கு அப்படிச் சொன்னது இந்த வாயிதான். இந்த வாயே பாடட்டும்."

அவள் பாடினாள். இரண்டு வட்டமும் இடமாகச் சுற்றின. ஊர் சிதைக்கு மட்டும் ஒதுக்கி வைத்த அந்தப் பக்கமாக, கிழக்கும் மேற்கும், கிழவிகளும் பாவாடை கட்டிய பிள்ளைகளும், அடி தெரிந்தவர்களும் தெரியாத டீச்சரும், ஒரே கை ஒரே கால் ஒரே மூச்சாகச் சுற்ற, கைகளுக்கு நடுவே நீலப்பொறி பட்டப்பகலிலும் தெரிய, முதலில் ஊக்கு எழுந்தது, பிறகு ஸ்டூல் எழுந்தது, பிறகு ஊரில் உள்ள இரும்பெல்லாம் ஒன்றையொன்று கூப்பிட்டதுபோல எழுந்தது. ஜன்னல் கம்பிகள் ரீங்கரித்தன, சைக்கிள் மணிகள் தாமாக அடித்தன, பரணில் கிடந்த கலப்பைக் கொழுக்கள் ஓட்டைப் பிளந்துகொண்டு வந்தன, அரிவாள்மணைகள் காய்கறியை விட்டுவிட்டு வாசல் தாண்டின, பூட்டிக்கிடந்த வீடுகளின் பூட்டுகள் திடலைப் பார்த்துக் கிடைமட்டமாக நின்றன. கிழக்கு வளவுச் சந்திலிருந்து நல்லசாமியின் டிரங்குப் பெட்டி புதுப் பூட்டோடு புழுதியில் சறுக்கிச் சறுக்கி வந்து, ஆடுகிறவர்களின் காலிடுக்கில் புகுந்து, போர்க் குழாயோடு முட்டி நின்றது. அப்போது பூமிக்குள் சத்தம் கேட்டது.

ஏறும் சத்தம். பாட்டுக்குப் பாட்டு இறங்கிப்போன அந்தப் பழைய சத்தம் இல்லை, நிற்காமல் ஏறுகிற சத்தம். முதலில் பறிகொடுத்த கொக்கிகள் குழாய் வாயிலிருந்து துள்ளி வந்தன. பிறகு நழுவிப்போன கிளாம்ப் வந்தது. அதற்குப் பின்னால் கடைசிக் குழாயின் நுனி எட்டிப் பார்த்து, நேராக, தென்னை உயரத்துக்கு ஏறியது. அதன் அடியில், சேறு வழிய, மோட்டார் வெளியே வந்து, பெண்களின் கை உயரத்துக்கு எழும்பி, அங்கேயே நின்றது.

ஆண்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். சில பெண்களின் கைகளும் தயங்கின, மோட்டார் ஒரு முழம் இறங்கியது.

"நின்றாதீங்கடி," என்றாள் பாவாத்தாள். "உளுந்துரும்."

நிற்கவில்லை. மூச்சு முட்டியவர்கள் பாட்டை விட்டார்கள், காலை விடவில்லை. நடுவுக்குப் போக வட்டத்தை அறுக்க முடியாது என்பதால், வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள், வாழ்நாளில் கும்மியடித்திராதவர்கள், பெண்களுக்கு நடுவில் புகுந்து, அவர்களோடு ஒரு சுற்று ஆடி, உள்வட்டத்துக்கு வந்து, இன்னொரு சுற்று ஆடித்தான் குழாயண்டை போய்ச் சேர்ந்தார்கள். கையில் இருந்த கிளாம்புகள் காற்றில் அவர்களை முன்னால் இழுத்துக்கொண்டு போயின. கிழக்கு வளவுக் கிளாம்பை மோட்டாருக்கும், மேற்கு வளவுக் கிளாம்பைக் குழாய்க்கும் மாட்டினார்கள். ஒரு வளவு மெதுவாகவும் இல்லை, ஒரு வளவு வேகமாகவும் இல்லை. பாட்டின் தாளத்துக்கு இழுத்து, துளையின் வாயிலிருந்து விலக்கி, தரையில் சாய்த்தார்கள். தங்கமணி பாட்டை முடித்தாள். ஊரின் இரும்பு முழுவதும் ஒரே சத்தமாகத் தரையில் விழுந்தது. காங்கேயத்தில் இடி என்று நினைத்து, காயப்போட்ட துணியை எடுத்தார்களாம்.

பாவாத்தாள் மோட்டாரின் பக்கத்தில் உட்கார்ந்து சேற்றை வழித்தாள். உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். காயிலுக்கு ஒன்றும் இல்லை, மண்தான் என்றாள். தங்கமணி தண்ணீர் இல்லாத ஊரில் எங்கிருந்தோ அரைக்குடம் தண்ணீர் கொண்டுவந்து, நங்கையாள் கழுவக் கழுவ ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம், போதும், இந்தப் பக்கம் என்பதாகவே பேச்சு இருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள், இரண்டு வளவும் சேர்ந்து குழாய்களைக் கோத்து மோட்டாரை இறக்கிவிட்டன.

திங்கட்கிழமை காலை கரண்ட் வந்தது, கம்பியில். பாவாத்தாள் சுவிட்சைப் போட்டாள். குழாய் முதலில் காற்றை விட்டது, பிறகு செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகு வெள்ளையாக, தொடைப் பருமனுக்கு, திடலெல்லாம் ஓட ஊற்றியது.

அந்த நேரத்துக்குத்தான் டவுன்பஸ்ஸும் வந்தது. பேசிய வேலை, சொன்ன சொல் என்று நல்லசாமி சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பி நின்றார். பெட்டியைத் தூக்கப் போனார், அது போர்க் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தார். உதைத்தும் பார்த்தார். சாவியைப் போட்டால் பூட்டு சாவியையும் விழுங்கிக்கொண்டது. உள்ளே இருந்த பொடி வட்டங்களெல்லாம் நேற்று திரும்பிய பக்கமே திரும்பி நின்றன போலிருக்கிறது. இரும்பு அவ்வளவு சுலபத்தில் மறப்பதில்லை.

கண்டக்டர் படியில் நின்று ஹாரன் அடிக்கச் சொன்னார். "ஏனுங்க, ஏறலீங்களா?"

நல்லசாமி பெட்டியைப் பார்த்தார். சுவிட்சின் பக்கத்தில் நனைந்து நிற்கும் பாவாத்தாளைப் பார்த்தார்.

"பொட்டி வரமாட்டீங்குதுங்க," என்றார்.

கண்டக்டர் விசில் ஊதவில்லை. தண்ணீர் ரோட்டைத் தாண்டிச் சக்கரத்துக்கு வந்திருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகப் பாட்டிலும் தூக்குப்போசியுமாக இறங்கினார்கள், கடைசியில் டிரைவரும் இறங்கினார். பாவாத்தாள் தன் சொம்பைக் கழுவி, நிரப்பி, டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தாள். முதலில் தங்கமணி குடித்தாள்.